நெல்லுக்குப் பின் உளுந்து

ஆனி மாதத்துப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் நடைபெறும் மாங்கனித் திருவிழாவைக் கண்டவர் எவரும் அதனை எளிதில் மறக்கமாட்டார். பிக்ஷாடனர் வீதியுலா வரும்போது மாடிகளினின்றும் திண்ணைகளினின்றும் மாங்கனிகள் மழைபோல் வந்து விழுகின்றன. கீழே நிற்கும் ஜனத்திரள் கைகளையும் முந்தானைகளையும் விரித்து அவற்றை ஏந்துகின்றது. இவ்விழாவுக்கு மூலமான கதையைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லியிருக்கிறார். அது நமது நேயர்கள் அறிந்ததே. பசித்து வந்த சிவனடியாருக்கு அமுதளிக்கப் புனிதவதியார் விரைகின்றார். சோறு ஆகியிருக்கிறது; கறி ஆகவில்லை. வணிகனாகிய கணவன் அனுப்பி வைத்த மாங்கனிகள் இரண்டனுள் ஒன்றை எடுத்துச் சோற்றுடன் இடுகின்றார். அதற்குப் பின் நிகழ்ந்த அற்புதங்களைப் பக்தர்கள் பேசுவார்கள். நாம் இன்று பேசப் புகுவது அவ்வற்புதங்களுக்கு முன்னுள்ள ஒரு சிறு விஷயம். வந்தவருக்கு வெறுஞ்சோறு இட அவ்வம்மையாருக்கு மனம் ஒப்பவில்லை. சோற்றுக்குத் துணையாக ஏதேனும் ஒன்று இலையில் இருந்தாக வேண்டும் என்பது அவ்வீட்டின் மரியாதை.

அந்தத் துணையைத்தான் காரைக்கால் இழந்துகொண்டு வருகிறது என்பது எமது கட்சி.

உலகெங்கும் இப்பொழுது தாவர ஆகாரத்தைப் பற்றிய பேச்சு பலமாக எழுந்திருக்கிறது. 2018-ஆம் வருஷத்தில் பூர், நெமெசெக் என்னும் இரு ஆராய்ச்சியாளர் 119 தேசங்களிலுள்ள ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் கணக்குகளைத் திரட்டிப் பார்த்தனர். மனிதனால் உண்டாகிப் பூமியைச் சூடேற்றும் வாயுக்களில் நூற்றுக்கு 26 பங்கு அவனுடைய உணவுக்காகவே பிறக்கின்றதென்றும், பிராணிகளிடமிருந்து பெறும் உணவை உலகம் முற்றிலும் விலக்கினால் சாகுபடிக்கும் மேய்ச்சலுக்கும் இப்பொழுது பிடித்து வைத்திருக்கும் நிலத்தில் முக்காற் பங்கு மிஞ்சுமென்றும் அவர்கள் கணக்கிட்டனர். அடுத்த வருஷம் வெளிவந்த 'ஈட்-லான்செட்' கமிஷனின் அறிக்கை, மனிதனுடைய தேகத்துக்கும் அவன் வாழும் பூமிக்கும் ஒருங்கே ஒத்த உணவு யாதென்று வரையறுக்கப் புகுந்து, இலையில் பெரும்பகுதி தானியம், பருப்பு, காய், கனி, கொட்டை வகைகளாக இருக்க வேண்டுமென்றும், ஆடு மாடு பன்றிகளின் மாமிசம் நாளொன்றுக்குச் சராசரி 14 கிராமளவில் நிற்க வேண்டுமென்றும் கூறிற்று.

இவ்வறிக்கைகளைப் படித்த நம்மவர் சிலர், "இதைத்தானே நம் முன்னோர் சொன்னார்கள்" என்று மார்தட்டிக்கொள்ளத் தொடங்கிவிட்டனர். இந்த மார்தட்டலை நாம் சிறிதும் விரும்பவில்லை. முதலாவது, அவர்கள் சொல்லும் 'நம் முன்னோர்' யாவர்? 2014-ஆம் வருஷத்து சர்க்கார் கணக்கெடுப்பின்படி நம்மைச் சூழ்ந்துள்ள தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் மாமிசம் உண்பவர். காரைக்காலோ கடலோரத்து ஊர். இங்கே மீனவர் குப்பங்கள் உண்டு. முகம்மதியர் தெருக்கள் உண்டு. மாதா கோவில் வீதிகள் உண்டு. சைவ போஜனம் உயர்ந்த சாதிக்கு அடையாளமென்றும், புலால் தாழ்ந்த சாதிக்கு அடையாளமென்றும் தீர்ப்புச் சொல்லி, அயலான் சட்டியை முகர்ந்து பார்த்து வீடு வாடகைக்கு விடும் வழக்கம் இந்நாட்டில் இன்னும் ஒழிந்தபாடில்லை. அவ்வழக்கத்துக்குப் புதிய விஞ்ஞானத்தைச் சாக்ஷியாக அழைத்து வருவது அநீதி. ஏழைக் குழந்தையின் மதிய உணவுத் தட்டில் இருக்கும் முட்டையைச் சைவத்தின் பேரால் எடுத்துவிடச் சொல்லும் கனவான்களுக்கும் நாம் துணையல்லோம்.

இரண்டாவது, நாம் சைவம் என்று சொல்வது தாவர ஆகாரமும் அன்று. தயிர், மோர், நெய், பால் இன்றி நம் சைவ இலை நிறைவதில்லை. உலகிலேயே மிகுதியாகப் பால் கறக்கும் தேசம் இந்தியா. உலகத்துப் பாலில் ஏறத்தாழக் காற்பங்கு நம்முடையது. அசைபோடும் பசுவும் எருமையும் வெளிவிடும் மீத்தேன் வாயு, ஆட்டிறைச்சி உண்பவனுக்கு ஒரு விதமாகவும் நெய்ச்சோறு உண்பவனுக்கு வேறு விதமாகவும் வானத்தில் நடந்துகொள்வதில்லை.

இந்தப் பாலின் விஷயத்தில் மகாத்மா காந்தி பட்ட பாடு சிந்திக்கத்தக்கது. 1912-ஆம் வருஷத்தில் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது அவர் பாலை விட்டார். 1918-ஆம் வருஷத்து நோயில் உடல் நலிந்து, பின்னர் ஆட்டுப்பால் அருந்தச் சம்மதித்ததைத் தமது விரதத்தின் எழுத்தைக் காத்து ஆவியை விட்டதாகவே கருதி வாழ்நாள் முழுதும் வருந்தினார். பாலுக்கு ஈடான ஒரு தாவரப் பொருளைக் கண்டு தரும்படி வைத்தியர்களையும் ரஸாயன சாஸ்திரிகளையும் அவர் இடைவிடாது கேட்டுவந்தார். அவர் மறைந்த அதே 1948-ஆம் வருஷத்திலேதான் பி12 என்னும் வைட்டமினை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிரித்தெடுத்தனர். பாலிலும் முட்டையிலும் மீனிலும் மாமிசத்திலும் உள்ள அச்சத்து, செடிகொடிகளில் கிடைப்பதில்லை. அவர் தேடிய பொருள் ஏன் அகப்படவில்லை என்பதற்குரிய விடையில் ஒரு பகுதி அவர் போன பின்பே வந்தது. ஆகவே பாலையும் விட்டுத் தாவரம் ஒன்றையே உண்ணத் துணியும் இளைஞர்கள், அவ்வைட்டமினை மாத்திரையாகவேனும் உட்கொள்ள வேண்டுமென்பதை மறத்தலாகாது. தேசபக்தி இரத்தச்சோகைக்கு மருந்தாகாது.

இவ்வளவும் முன்னுரை. இனி நமது ஊருக்கு வருவோம்.

2023-ஆம் வருஷத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் பெரிய நீரிழிவு ஆராய்ச்சி வெளிவந்தது. தேசத்தில் 10 கோடிக்கு மேற்பட்டோர், அதாவது வயது வந்தோரில் நூற்றுக்கு 11.4 பேர், இந்நோயுடையவர் என்று அது கண்டது. மாகாணவாரிப் பட்டியலில் முதலிடம் கோவாவுக்கு, 26.4. இரண்டாமிடம் எதற்கு? காரைக்காலையும் உள்ளடக்கிய நமது புதுச்சேரிக்கு, 26.3. நால்வர் கூடிய திண்ணையில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். இதனை எழுதும் எமக்கே நாற்பது வயது கடந்தபின் வைத்தியர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, "சோற்றைக் குறையுங்கள், பருப்பைக் கூட்டுங்கள்" என்று சொல்லியனுப்பினார். கட்டணம் கொடுத்துக் கேட்டுக்கொண்ட இந்த உபதேசத்தை எம் பாட்டியார் இலவசமாகச் சொல்லியிருந்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நோய்க்குக் காரணம் ஒன்றன்று. உழைப்புக் குறைந்தது, சர்க்கரையும் எண்ணெய்ப் பலகாரமும் மலிந்தன, பரம்பரையும் உண்டு. ஆயினும் இலையில் வெள்ளைச் சோறு குன்றுபோல் குவிந்து, துணை கடுகளவாகச் சுருங்கியது பெருங்காரணங்களுள் ஒன்றென்பதில் ஐயமில்லை. 2024-ஆம் வருஷத்தில் ஹைதராபாத்திலுள்ள தேசீய போஷாக்கு ஸ்தாபனம் வெளியிட்ட உணவு விதிகளில், சாதாரண மனிதனுக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராமும், பருப்பும் பயறும் 85 கிராமும் காட்டப்பட்டிருக்கின்றன. ஒரு பங்கு பருப்புக்கு மூன்று பங்கு தானியம் என்று வைத்துக்கொள்ளலாம். நேயர்கள் தத்தம் வீட்டு மாதச் சாமான் பட்டியலை எடுத்து இந்த விகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

இந்த ஸ்தாபனத்தின் பூர்வோத்தரமும் நம்மைச் சார்ந்ததே. 1958-ஆம் வருஷத்தில் ஹைதராபாத்துக்குப் போகுமுன் அது நீலகிரியில் குன்னூரில் இருந்தது. அங்கே ராபர்ட் மக்காரிஸன் என்னும் வைத்தியர், இந்தியாவின் பல பகுதி ஜனங்கள் உண்ணும் உணவுகளை எலிக்கூட்டங்களுக்கு வெவ்வேறாக இட்டு வளர்த்துப் பார்த்தார். சீக்கியருடைய உணவை உண்ட எலிகள் செழித்தன. அரிசியை முதலாகக் கொண்ட நமது சென்னை உணவை உண்டவை கடைநிலையில் நின்றன. இதைக் கேட்டதும் 'மாமிசம் வேண்டும்' என்று முடிவு கட்டுவோருளர். அது சரியன்று. சீக்கிய உணவில் மாமிசம் எப்பொழுதோ ஒரு நாள். முழுக்கோதுமை, பருப்பு, கீரை, காய், பால் ஆகியன நாள்தோறும். நம்முடையதில் சோறு நாள்தோறும், மற்றவை எப்பொழுதோ.

அரிசியையும் முழுவதும் பழித்தலாகாது. தெலுங்கு ஜில்லாக்களின் வடகரையில் ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்டவர்களைப் பெரிபெரி என்னும் கால்வீக்க நோய் வாட்டிய காலத்தில், தமிழ் ஜில்லாக்களில் அந்நோய் அருமையாகவே இருந்தது. நமது பெண்டிர் நெல்லை ஊறவைத்துப் புழுக்கிக் காயவைத்துக் குத்தியதுதான் காரணம். புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. சாஸ்திரம் பெயர் வைப்பதற்கு முன்பே அடுப்படி கண்டுபிடித்த வித்தை அது. அவ்வித்தையும், அரிசியோடு பருப்பைச் சேர்க்கும் வித்தையும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. அரிசியின் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. உளுந்திலும் பயற்றிலும் அது நிறைவு. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. இவ்விரண்டையும் அரைத்துப் புளிக்க வைத்து ஆவியில் வேகவைத்தால் இட்டிலி. அதற்கு மேல் ஒரு முருங்கைக்கீரைப் பொரியலும், இரும்புச்சத்து உடலில் ஏறுவதற்கு ஒரு துண்டு எலுமிச்சங்காயோ நெல்லிக்காயோ இருந்துவிட்டால், ஈட்-லான்செட் கமிஷனார் நம் வீட்டுக்கு வந்து குறிப்பெடுத்துக்கொண்டு போகலாம்.

ஆனால் அந்த உளுந்து எங்கிருந்து வருகிறது? கேள்வியின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

காவிரிக் கடைமடையில் ஒரு பழைய முறை உண்டு. சம்பாவோ தாளடியோ முற்றி, அறுவடைக்கு ஏழெட்டு நாள் இருக்கையில், வயலில் நீர் வடிந்து மண் மெழுகுபோல் இருக்கும் பதத்தில், நிற்கும் நெற்பயிருக்குள்ளேயே உளுந்தையும் பச்சைப்பயற்றையும் கைவீச்சாகத் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்தெடுக்கும்போது உளுந்து இரண்டிலை விட்டிருக்கும். பிறகு உழவில்லை, பாய்ச்சலில்லை. மண்ணில் மிஞ்சிய ஈரமும், தை மாசி மாதங்களின் பனியுமே அதற்கு நீர். எழுபது நாளில் காய் பறித்துவிடலாம். அதன் வேரிலுள்ள முடிச்சுகளில் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர்கள் குடியிருந்து, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கின்றன. அடுத்த நெல்லுக்கு உரம் அவ்வளவில் குறையும். கொடி மாட்டுக்குத் தீனி. பூமியைக் காக்கும் தாவர உணவு என்று மேல்நாட்டார் எதனைக் கனவு காண்கின்றார்களோ, அதனை எவ்விதப் பேரும் இன்றி நம் குடியானவர் செய்துவந்தனர்.

சென்ற தை மாதத்தில் திருநள்ளாற்றுக்கு அருகே ஒரு வரப்பில் நின்று முதிய குடியானவர் ஒருவரைக் கண்டு பேசினோம். "உளுந்து தெளித்தீர்களா?" என்று கேட்டோம்.

"எங்கங்க ஐயா தெளிக்கிறது?" என்றார் அவர். "அப்பல்லாம் ஆளு எறங்கி அறுக்கும். காலு படுற எடத்துல நாலு செடி போவும், அவ்வளவுதான். இப்ப மெஷினு ஏறி எறங்குனா வயலே சேறா கொழம்பிப் போவுது. மொளைச்ச உளுந்து எங்க நிக்கும்? மெஷினு வேணாம்னு சொல்லவும் முடியல. ஆளு இல்லையே."

"இயந்திரத்துக்கு முன்னாள் தெளித்தால் விதை அமுங்கி முளைக்காதோ?"

"மண்ணு பதமா இருந்தா மொளைக்கும். தண்ணி லேட்டு, நடவு லேட்டு, அறுப்பு மாசிக்குப் போயிடுது. மாசியில தெளிச்சா பனி ஏது? அப்புறம் ஊரு மாடு அத்தனையும் அவுத்து வுட்டுடுறாங்க. நான் ஒருத்தன் மட்டும் தெளிச்சுட்டு ராத்திரி பகலா காவல் கெடக்க முடியுங்களா? அதான் பருத்தி போட்டுட்டேன்."

இந்த நாலு வாக்கியத்தில் ஒரு கமிஷன் அறிக்கை அடங்கியிருக்கிறது. ஆள் பற்றாக்குறை, அறுவடை இயந்திரம், நீர் தாமதம், அவிழ்த்துவிட்ட கால்நடை, பருத்தியில் கண்ணுக்குத் தெரியும் காசு. இவற்றுள் எதுவும் அக்குடியானவருடைய குற்றமன்று. பருத்தி போட்டவரை நாம் நிந்திக்கவும் மாட்டோம். அவருக்கும் கல்யாணச் செலவும் கடனும் உண்டு.

நீர் தாமதத்தைப் பற்றி வழக்கறிஞன் என்ற முறையில் இரண்டொரு வார்த்தை. காவிரி நடுவர் மன்றம் 2007-ஆம் வருஷம் பிப்ரவரி 5-ஆம் தேதி அளித்த இறுதித் தீர்ப்பில் மொத்தம் 740 டி.எம்.சி. நீரில் புதுச்சேரிக்கு, அதாவது காரைக்காலுக்கு, 7 டி.எம்.சி. ஒதுக்கிற்று. 2018-ஆம் வருஷம் பிப்ரவரி 16-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, மற்றவர் பங்குகளை மாற்றியபோதும் இந்த ஏழில் கைவைக்கவில்லை. நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான இந்த உரிமை, தமிழ்நாட்டு ஆறுகளின் வழியாகத் தமிழ்நாட்டுக் கதவணைகளைக் கடந்து கடைசியில்தான் நம் அரசலாற்றுக்கும் நாட்டாற்றுக்கும் வந்து சேரவேண்டும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறக்கவேண்டியது. 2024-ஆம் வருஷம் ஜூலை 28-ஆம் தேதியன்றுதான் திறந்தது. அங்கே ஒன்றரை மாதம் தவறினால் இங்கே சம்பா தவறும். சம்பா தவறினால் உளுந்து தவறும். தீர்ப்பில் எழுதியிருப்பது அளவு மாத்திரமே. பயிருக்கு வேண்டுவது காலமும் கூட.

இதனால்தான் உளுந்தின் அருமை பெரிதாகிறது. தேங்கிய நீரில் நிற்கும் நெல்வயலே மீத்தேனை வெளிவிடும் என்பதையும் நாம் ஒளிக்கவேண்டியதில்லை. மனிதன் உண்டாக்கும் மீத்தேனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு உலகத்து நெல்வயல்களினது என்பர். தாவர உணவு என்பதனாலேயே நெல் குற்றமற்றதாகிவிடாது. கால்வாய் நீரில் ஒரு சொட்டும் கேளாமல், உரமும் கேளாமல், மீத்தேனும் விடாமல் விளையும் பயிர் நம் வயலில் உண்டென்றால் அது நெல்லுக்குப் பின் வரும் இந்தக் கடைப்பயிர்தான்.

இப்பொழுது ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். 2021-ஆம் வருஷத்தில் இந்திய சர்க்கார் மியான்மருடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. வருஷந்தோறும் இரண்டரை லட்சம் டன் உளுந்தை ஐந்து வருஷ காலம் அந்நாட்டிலிருந்து தருவிக்க அவ்வுடன்பாடு வழிசெய்தது. அந்த உளுந்து பர்மாவில் எங்கே விளைகிறது? ஐராவதி டெல்டாவில், நெல் அறுத்த வயலில், எஞ்சிய ஈரத்தில்! எந்த வித்தையை நம் டெல்டா கைவிடுகின்றதோ, அதே வித்தையை வங்காள விரிகுடாவின் அக்கரையிலுள்ள குடியானவர் விடாமல் செய்து, கப்பலேற்றி நமக்கு விற்கிறார். நம் காலைப் பலகாரத்தில் சுதேசி அரிசியும் பர்மா உளுந்தும் சேர்ந்து புளிக்கின்றன. 2024-25-ஆம் வருஷத்தில் எல்லாப் பருப்புக்களும் சேர்ந்து 70 லட்சம் டன்னுக்கு மேல் இந்தியாவுக்கு இறக்குமதியாயின. அதற்குமுன் எவ்வருஷமும் இவ்வளவு வந்ததில்லை. இதைக் கண்டபின் 2025-ஆம் வருஷம் அக்டோபரில் மத்திய சர்க்கார், துவரை, உளுந்து, மைசூர்ப்பருப்பு ஆகிய மூன்றையும் பெருக்க 11,440 கோடி ரூபாயில் ஆறு வருஷத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நல்லது. அதில் காரைக்காலுக்கு என்ன பங்கு என்பதை நமது பிரதிநிதிகள் சட்டசபையில் எழுந்து கேட்கவேண்டும்.

கப்பல் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. 1739-ஆம் வருஷம் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி இந்தியாவோடு சேர்ந்த இந்த ஊரின் துறையிலிருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான தமிழ்க் கூலிகள் ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றப்பட்டனர். அவர்களுடைய சந்ததியார் பலர் பாஷையை இழந்தனர், பெயரை இழந்தனர். ஆனால் ரீயூனியனில் இன்றும் சோற்றோடு ஒரு பருப்பும் ஒரு கீரையும் வைத்துத்தான் உண்கிறார்கள். அந்தக் கீரைகளில் ஒன்றுக்கு அவர்கள் சொல்லும் பேர் 'முரூங்', நம் முருங்கை. பாஷை மறந்த இலையில் துணை மறக்கவில்லை. பாஷை மறவாத நாமோ?

நிலத்தின் கதையையும் சொல்லாமல் விடலாகாது. நாகப்பட்டினத்துக் கரையோரத்தில் 1990-களில் இறால் பண்ணைகள் பெருகி, நெல்லும் பயறும் விளைந்த மண்ணில் உப்பு ஏறியபோது, சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதன் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். 1996-ஆம் வருஷம் டிசம்பர் 11-ஆம் தேதி கோர்ட்டார், கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள் அத்தகைய பண்ணைகள் கூடாவென்று தீர்ப்பளித்தனர். 2005-ஆம் வருஷத்தில் பார்லிமெண்டு வேறு சட்டம் இயற்றி அவற்றைப் பதிவு செய்து நடத்த வழிவிட்டது. அமெரிக்கா முதலிய நாடுகளின் விருந்து மேஜைக்குப் போகும் இறாலுக்காக உள்ளூர் ஏழையின் பயற்றங்கொல்லை உப்பாவது எவ்வகை நியாயம் என்ற கேள்விக்கு அச்சட்டத்தில் விடையில்லை. உள்ளூர் மீனவன் கட்டுமரத்தில் கொண்டுவரும் மத்தியும் காரப்பொடியும் வேறு. இந்த இறால் வேறு. முன்னதை நாம் குறைகூறவில்லை. கிழக்குக்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலில் இறங்கலாகாதென்ற தடையிருக்கும் 61 நாளில் அம்மீனவன் வீட்டுச் சட்டியிலும் உளுந்தும் பயறும்தானே வேகவேண்டும்!

தமிழ்நாட்டுச் சட்டசபை 2020-ஆம் வருஷத்தில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஜில்லாக்களையும் வேறு சில வட்டாரங்களையும் பாதுகாக்கப்பட்ட விவசாய மண்டலமாக்கிச் சட்டம் செய்தது. அச்சட்டம் காரைக்கால் எல்லைக் கல்லோடு நின்றுவிடும். ஆறு ஒன்று, மண் ஒன்று, பயிர் ஒன்று; வரப்புக்கு இப்புறம் ஒரு சட்டம், அப்புறம் ஒரு சட்டம். அந்நியர் போட்ட கோடுகளை அழிக்கத் தேசம் ஒரு தலைமுறை போராடிற்று. மாற்று ஆட்சி போட்டுச் சென்ற கோட்டின் காரணமாக ஒரே டெல்டாவின் ஒரு துண்டு மாத்திரம் காவலின்றிக் கிடப்பதைப் புதுச்சேரி சட்டசபை நினைத்தால் நீக்கலாம்.

கணக்கைச் சற்றே போட்டுப் பார்ப்போம். 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கில் காரைக்காலின் ஜனத்தொகை 2 லட்சத்துக்குச் சற்று மேல். ஆளுக்கு நாளொன்றுக்கு 85 கிராம் பருப்பென்றால், நாளொன்றுக்கு 17 டன். வருஷத்துக்கு ஏறத்தாழ 6,200 டன். இப்பிரதேசத்தின் மொத்தப் பரப்பு 160 சதுர கிலோமீட்டர். ஏக்கர்க் கணக்கில் 39,500 சொச்சம். அதில் காற்பங்கில், 10,000 ஏக்கரில், நெல்லுக்குப் பின் உளுந்தும் பயறும் தெளித்து, ஏக்கருக்கு 200 கிலோ என்று குறைத்தே மதித்தாலும், 2,000 டன். ஊருக்கு வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு. முழுதும் அன்று, நாம் மிகைப்படுத்தப் போவதில்லை. ஆனால் பாய்ச்சல் நீரின்றிக் கிடைக்கும் மூன்றிலொரு பங்கை வேண்டாமென்று தள்ளும் வீட்டுக்காரன் உண்டோ?

விளைந்ததை வாங்குவார் வேண்டும். உளுந்துக்கு 2025-26-ஆம் வருஷத்தில் சர்க்கார் குறித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். பங்குனியில் காய் அடித்துச் சாக்கில் கட்டிய நாளில், வண்டி போகும் தூரத்தில் கொள்முதல் நிலையம் இருந்தாலொழிய அவ்விலை காகிதத்தில்தான் இருக்கும். குடியானவர் வியாபாரி சொன்ன விலைக்கே அளந்துவிட்டு வருவார். வாங்கியதை எங்கே கொண்டுபோவது என்பதற்கும் வழியிருக்கிறது. புதுச்சேரியில் 2015-ஆம் வருஷத்திலிருந்து தானியத்துக்குப் பதிலாகப் பணம் கொடுக்கும் முறை வந்து, பின்னர் ரேஷன் கடைகள் மூடிக்கிடந்தன. 2024-ஆம் வருஷம் அக்டோபரில் மறுபடியும் கடை திறந்து அரிசி வழங்கத் தொடங்கினர். தமிழ்நாட்டிலோ 2007-ஆம் வருஷம் முதல் ரேஷனில் துவரம்பருப்பும் சகாய விலையில் கிடைத்துவருகிறது. திறந்த கடையில் அரிசியோடு மாதந்தோறும் குடும்பத்துக்கு இரண்டு கிலோ உள்ளூர் உளுந்தும் பயறும் அளக்கட்டும். பள்ளிக்கூடத்து மதிய உணவில் வாரத்தில் இரண்டு நாள் முளைகட்டிய பயற்றுச் சுண்டலைச் சேர்க்கட்டும். இலவச அரிசி மாத்திரம் கொடுத்துவிட்டு, மறுபக்கம் ஆஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரையும் இலவசமாகக் கொடுக்கும் சர்க்கார் எந்தக் கையால் எதைச் செய்கிறதென்று யோசிக்கவேண்டும்.

கிராமத்தார் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. ஒருவர் மாத்திரம் தெளித்தால் மாடு மேயும். ஊரே தெளித்தால் ஊரே காவல். பயிர் எடுக்கும் வரை மாடுகளைக் கட்டிவைப்பதென்று கூடிப் பேசி, பட்டியும் காவலும் வைக்கும் ஏற்பாடு டெல்டாக் கிராமங்களுக்குப் புதிதன்று. காங்கிரஸ்காரரோ, கம்யூனிஸ்டோ, திராவிடக் கட்சியாரோ, கொடிக்கம்பம் நடுவதற்கு ஊர்கூட்டும் தொண்டர்கள் இதற்கும் ஒரு நாள் ஊர்கூட்டலாம். காரைக்காலில் 1987-ஆம் வருஷம் முதல் நேருவின் பெயர் தாங்கிய விவசாயக் கல்லூரி ஒன்று நடைபெறுகிறது. அதன் மாணவர்கள் கார்த்திகையிலேயே ஒவ்வொரு கொம்யூனிலும் ஒரு வயலைப் பிடித்து, இயந்திர அறுவடைக்கு ஏற்றபடி எந்த நாளில் எவ்வளவு விதை தெளிக்கவேண்டுமென்று கண்முன்னே செய்து காட்டினால், நூறு துண்டுப் பிரசுரங்களுக்கு அது மேல்.

ஏக்கருக்கு வேண்டிய விதை பத்துப் பன்னிரண்டு கிலோ. அது தை பிறக்குமுன் குடியானவர் வீட்டில் இருக்கவேண்டும். டிப்போவுக்கு விதை மாசியில் வந்து சேருமானால், அதற்குள் வயலில் பருத்தி முளைத்திருக்கும்.